கணுக்கால் வித்த கடை, கொலுசு விக்க ஆரம்பிச்ச கதை: சேலத்துல ஒரு கன்டென்ட் ரைட்டர் அக்காவுக்கு ரிவ்யூ

"எங்கள் தூய வெள்ளி கணுக்கால்கள் உங்கள் அழகை மேம்படுத்தும்."

இது எங்க வெப்சைட்ல ஒன்றர வருஷமா இருந்த வரி. யாரும் பாக்கல, காசு குடுத்த நாங்களும் பாக்கல. ஒரு நா ராத்திரி சாப்ட்டு முடிச்சு கண்ணாடிய மாட்டிக்கிட்டு எங்க மாமா, மாமனாரத்தான் சொல்றேன், என் போன்ல தமிழ் பக்கத்த படிச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, நம்ம கொலுசு விக்கிறமா இல்ல கால வெட்டி விக்கிறமா"ன்னு கேட்டாரு. அத்தை சிரிச்ச சிரிப்புல புரையேறிப் போச்சு. அதுக்கு கீழ இன்னும் இருந்துச்சு, மெட்டிய கால்விரல் மோதிரம்னு போட்டிருந்தாங்க, வெள்ளியோட சுத்தத்த சொல்ற 80 டச்சுங்கறத "80 தொடுதல் வெள்ளி"ன்னு போட்டிருந்தாங்க. இங்கிலீஷ்ல எழுதி அப்படியே மெஷின்ல போட்டு உருட்டி எடுத்திருக்காங்கன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

எங்களுக்கு சிவதாபுரத்துல கொலுசு பட்டறை. மாமா ஆரம்பிச்சது, எட்டு பேர் வேல செய்றாங்க, பெரும்பாலும் செவ்வாப்பேட்ட கடைங்களுக்குத்தான் சரக்கு போடுறோம், கொரோனாவுக்கு அப்புறம் சில்லறையும் கொஞ்சம் கூரியர்ல அனுப்ப ஆரம்பிச்சோம். வாட்ஸ்அப் பாக்குறது, பார்சல் கட்டுறது, வெப்சைட்டு எல்லாம் என் தலையில. கல்யாணமாகி வந்தப்ப எனக்கு டச்சுன்னா போன் டச்சு மட்டும்தான் தெரியும், இப்ப கொலுச கையில தூக்கிப் பாத்தே எத்தன கிராம்னு கிட்டத்தட்ட சொல்லிருவேன், ஆனா வெப்சைட்டு விஷயத்துல பச்சக் கொழந்தையாத்தான் இருந்தேன்.

முதல்ல வெப்சைட்டு போட்டுக் குடுத்தவங்க யாருன்னு நான் சொல்லப்போறதில்ல, சண்டைக்கு எனக்கு நேரமில்ல. சைட்டுக்கு 18,000, அப்புறம் மாசம் 4,000 வீதம் ஆறு மாசம் எஸ்இஓ, அதாவது கூகுள்ல தேடுனா சைட்டு மேல வர்றதுக்கு செய்ற வேல. முப்பதே நாள்ல கூகுள்ல மொத பக்கம், கேரண்டின்னு சொன்னாங்க. அப்ப எனக்கு தெரியாதது என்னன்னா கூகுளே தன்னோட உதவிப் பக்கத்துல, முதல் இடம் வாங்கித் தர்றேன்னு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாது, அப்படி சொல்றவங்ககிட்ட உஷாரா இருங்கன்னு எழுதி வெச்சிருக்கு. அந்த ஒரு வரிய படிச்சிருந்தா 42,000 மிச்சமாயிருக்கும்.

அதுக்கப்புறம் எங்க நாத்தனார் மூலமா கெடச்சவங்கதான் இந்த அக்கா. அஸ்தம்பட்டில வீட்ல இருந்தே வெப்சைட்டுக்கு வேண்டியத எழுதிக் குடுக்குறாங்க, முன்ன ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்க, ஏற்காட்டுல ரெண்டு மூணு ஹோம்ஸ்டே, ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு ஜவ்வரிசி மில்லு, இப்படி சின்ன சின்ன தொழில்காரங்களுக்குத்தான் செய்றாங்க. ரிவ்யூ போடுறேன்க்கான்னு சொன்னதுக்கு "போடு கண்ணு, பேரு மட்டும் போடாத, இருக்குற வேலையவே முடிக்க முடியல"ன்னுட்டாங்க. அதனால பேர் கேட்டு யாரும் கமெண்ட் போடாதீங்க. எப்படி வேல செஞ்சாங்கன்னு சொல்றேன், நீங்க வேற யார்கிட்ட குடுத்தாலும் அத வெச்சு எடை போட்டுக்கலாம்.

போன் பண்ணி "எங்களுக்கு கன்டென்ட் வேணுங்க்கா"ன்னு சொன்னதும் ரேட்டு சொல்வாங்கன்னு நெனச்சேன். அவங்க மொதல்ல சொன்னது, "வாட்ஸ்அப்புல கடைசி ஒரு மாசம் கஸ்டமருங்க என்ன கேட்டிருக்காங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிட்டு கூப்பிடு, அதுவரைக்கும் நான் வந்து ஒண்ணும் பிரயோஜனமில்ல". எனக்கு சுருக்குன்னு ஆச்சு, காசு குடுக்குறது நானு, ஹோம்வொர்க்கும் எனக்கா? ஆனா உக்காந்து எழுதுனேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியம், நூத்துக்கு எம்பது பேரு கேட்டது நாலே கேள்விதான். இது எத்தன டச்சு, கறுக்குமா, என் காலுக்கு எத்தன இஞ்ச் சரியா வரும், பழச குடுத்தா எவ்ளோவுக்கு எடுப்பீங்க. இந்த நாலுல ஒண்ணுக்குக்கூட எங்க வெப்சைட்ல பதில் இல்ல. அதுல இருந்ததெல்லாம் "தரம், நம்பிக்கை, பாரம்பரியம்".

அடுத்த வாரம் பட்டறைக்கே வந்தாங்க. காலைல பத்து மணிக்கு வந்து ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க. உருக்குற எடத்துல நின்னு, கம்பி இழுக்குறத பாத்து, டை அச்சுல அடிக்கிற சத்தத்துல காத பொத்திக்கிட்டு, பத்த வெச்சு ஒட்டுற அண்ணங்கிட்ட "இந்த பொடி என்னங்கண்ணா"ன்னு கேட்டு, சலங்க கோக்குற அக்காகிட்ட ஒரு நாளைக்கு எத்தன ஜோடி ஆகும்னு கேட்டு, எல்லாத்தையும் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டாங்க. முந்தி வந்தவங்க பட்டறைக்குள்ள காலே வெக்கல, லோகோவும் நாலு போட்டோவும் மெயில்ல அனுப்புங்கன்னு சொன்னதோட சரி. மாமாவுக்கு அங்கயே இவங்கள புடிச்சு போச்சு, பொதுவா யாருக்கும் ஏற்காட்டு காபி போட சொல்ல மாட்டாரு.

அன்னிக்கி நடந்த ஒரு விஷயத்த சொல்லியாகணும். அளவு எடுக்குறத பத்தி பேசிட்டிருக்கப்ப அடுப்படில இருந்து அத்தை, "காலைல அளவு எடுத்தா சாயங்காலம் இறுக்கும், பொழுது சாஞ்சப்புறம்தான் எடுக்கணும், நாள் பூரா நின்னா காலு லேசா வீங்குமில்ல"ன்னு போற போக்குல சொன்னாங்க. நான் அத காதுலயே வாங்கல, தெனமும் கேக்குறதுதான. இந்த அக்கா டக்குன்னு நிமிந்து "அம்மா, இன்னொரு வாட்டி சொல்லுங்க"ன்னு ரெக்கார்டர நீட்டுனாங்க. இன்னிக்கி எங்க சைட்ல அதிகமா படிக்கிற பக்கத்துல அந்த வரிதான் மேல நிக்குது:

"கொலுசு அளவுக்கு டேப் வேணாம். சாயங்காலமா ஒரு நூல எடுத்து கணுக்கால் எலும்புக்கு கீழ சுத்திப் புடிங்க, ஸ்கேல்ல வெச்சு பாத்து அதோட அர இஞ்ச் கூட்டிக்கோங்க. காலைல எடுத்த அளவுக்கு வாங்குனா சாயங்காலம் இறுக்கும்னு எங்க வீட்டு பெரியவங்க சொல்றது."

இதே விஷயத்துக்கு முந்துன ஆளுங்க எழுதுனது என்ன தெரியுமா, கல்வெட்டுல வெக்கலாம்: "சேலம் வெள்ளி கொலுசு வாங்க சிறந்த சேலம் வெள்ளி கொலுசு கடை, சேலம் வெள்ளி கொலுசு விலைக்கு எங்கள் சேலம் வெள்ளி கொலுசு கடையை அணுகவும்". ஒரே வாக்கியத்துல நாலு தடவ. கோயில்ல நாமாவளி சொல்றாப்ல. கீவேர்ட, அதாவது ஜனங்க தேடுற வார்த்தைய, அள்ளித் திணிக்கிறதுங்கறது இதுதான், இது கூகுளோட ஸ்பாம் விதிகள்லயே, அதாவது ஏமாத்து வேலைங்களுக்கான விதிகள்லயே, பேர் போட்டு இருக்குற தப்பு. வார்த்தைய எத்தன வாட்டி சொல்றோம்னு எண்ணி மேல தூக்கி வெச்ச காலமெல்லாம் மலையேறி ரொம்ப நாளாச்சு.

அக்கா பழைய சைட்ட திறந்து வெச்சு ஒவ்வொண்ணா காட்டுனாங்க. "இருநூறு கீவேர்ட் சேத்திருக்கோம்"னு பில்லுல ஒரு ஐட்டம் இருந்துச்சு, அது பக்கத்தோட உள்பக்கம் மறைவா மெட்டா கீவேர்ட்ஸ்னு ஒரு எடத்துல போட்டு வெச்சது. ரேங்க்குக்கு அத பாக்குறதே இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லியாச்சு. அதுக்கும் காசு. அப்புறம் ஊர்ப் பக்கங்க. ஈரோட்டில் வெள்ளி கொலுசு, நாமக்கல்லில் வெள்ளி கொலுசு, தர்மபுரியில் வெள்ளி கொலுசுன்னு முப்பத்தி ரெண்டு பக்கம், ஊர் பேர் மட்டும் மாறும், மத்ததெல்லாம் எழுத்துக்கு எழுத்து அதேதான், நமக்கு அந்த ஊருலயெல்லாம் கடையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இந்த மாதிரி வாசல் மட்டும் வெச்சு உள்ள வீடே இல்லாத பக்கங்களையும் கூகுள் ஸ்பாம் கணக்குலதான் வெச்சிருக்கு. "இத எல்லாத்தையும் மொதல்ல எடுத்துருங்க"ன்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரல, முப்பத்தி ரெண்டு பக்கம், காசு குடுத்தது. மாமாதான் "வெள்ளியில ஈயம் கலந்திருச்சுன்னா உருக்கி பிரிச்சுத்தான் ஆகணும், பாத்துட்டே இருந்தா வெள்ளி ஆயிருமா"ன்னாரு. எடுத்தாச்சு.

முகப்பு பக்கத்தோட டைட்டில் என்னன்னு பாத்தா வெறும் "ஹோம்". அவ்வளவுதான். கூகுள்ல தேடுனா நீல எழுத்துல பெருசா வர்றது அதுதாங்க, கடைக்கு போர்டு மாதிரி, போர்டுல வீடுன்னு எழுதி மாட்டுன கதையா இருந்திருக்கு. அத "சேலம் சிவதாபுரம் வெள்ளி கொலுசு பட்டறை, மொத்தம் சில்லறை"ன்னு மாத்துனாங்க, ரொம்ப நீளமா வெச்சா பாதியில வெட்டிருமாம், அதனால ஊரும் சரக்கும் முன்னாடியே வந்துரணும். அதுக்கு கீழ வர்ற ரெண்டு வரி விவரம் ரேங்க்க ஏத்தாது, ஆனா பாக்குறவன் கிளிக் பண்றதும் தாண்டிப் போறதும் அதுலதான் இருக்குன்னு சொல்லி ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா எழுதுனாங்க. போட்டோவுக்கெல்லாம் ஐஎம்ஜி 4471, ஐஎம்ஜி 4472ன்னு பேரு இருந்துச்சு, எல்லாத்துக்கும் "மூணு வரிச சலங்க வெச்ச கல்யாண கொலுசு"ங்கற மாதிரி படத்துல என்ன இருக்கோ அத அப்படியே எழுதுனாங்க, கண்ணு தெரியாதவங்க போன் வாசிச்சுக் காட்டுறப்பவும் அதுதான் கேக்குமாம். இது எனக்கு புதுசு.

இப்ப பெரிய பஞ்சாயத்துக்கு வர்றேன். டச்சு.

தெரியாதவங்களுக்கு, டச்சுங்கறது நூறு பங்குல எத்தன பங்கு சுத்த வெள்ளிங்கற கணக்கு. 80 டச்சுன்னா 100 கிராம் கொலுசுல 80 கிராம் வெள்ளி, மீதி செம்பு மாதிரி கலப்பு. சுத்த வெள்ளி ரொம்ப மிருதுவா இருக்கும், அதுலயே கொலுசு செஞ்சா நாலு நாள்ல நசுங்கிரும், கலந்துதான் ஆகணும், அது தப்பில்ல. எவ்ளோ கலக்குறோம்னு சொல்றதுலதான் விஷயமே இருக்கு. தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம், வெள்ளிக்கு விருப்பப்பட்டா போட்டுக்கலாம், 925ன்னு முத்திரை இருந்தா 92.5 சதவீதம்னு அர்த்தம். ஆனா சாதாரணமா நம்ம பக்கம் ஓடுற கொலுசு அதுக்கு கீழதான், வாங்குறவங்களுக்கு அது தெரியாது, கேக்கவும் கூச்சப்படுவாங்க.

அக்கா சொன்னாங்க, "கேள்வி நோட்டுல மொத கேள்வியே இதுதான், இதுக்கு ஒரு பக்கம் போடணும், உங்க மாடல் ஒவ்வொண்ணுக்கும் எத்தன டச்சுன்னு போடணும், விலை எப்படி போடுறீங்கங்கற கணக்கும் போடணும்". மாமா அப்படியே எந்திரிச்சு போயிட்டாரு. நிஜமாதான், காபிய பாதியில வெச்சிட்டு போயிட்டாரு. அவரு நேர்மையான ஆளு, கேட்டா பட்டுன்னு சொல்லிருவாரு, ஆனா கேட்டா சொல்றது வேற ஊருக்கே எழுதி ஒட்டுறது வேற இல்லையா, பக்கத்து பட்டறைக்காரங்க என்ன சொல்வாங்க, செவ்வாப்பேட்ட கடைக்காரரு "எங்க கஸ்டமருக்கு ஏன் நீங்க பாடம் நடத்துறீங்க"ன்னு கேட்டா என்ன பண்றது, அது அவர் கவல. மூணு நாளு வீட்ல அந்த பேச்சே எடுக்கல.

இந்த எடத்துல வேற யாரா இருந்தாலும் சரிங்கய்யா உங்க இஷ்டம்னு சொல்லிட்டு "தரமான வெள்ளி"ன்னு எழுதி காச வாங்கிட்டு போயிருப்பாங்க. இவங்க போன் பண்ணி மாமாகிட்டயே பேசுனாங்க, நான் ஸ்பீக்கர்ல கேட்டேன். "ஐயா, நீங்க சொல்ல வேணாம்னா நான் எழுத மாட்டேன். ஆனா தரம்னு ஒரு வார்த்தைய எழுதுறதுக்கு நான் எதுக்கு, அத எல்லா கடையும் எழுதிருக்கான். உங்ககிட்ட மட்டும் இருக்குறது எதுவோ அத எழுதுனாத்தான் தேடுறவன் நிப்பான், கூகுளும் நிக்கும்." மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "கடைக்கு போடுற மாடல விட்ருங்க, நாங்க நேரா விக்கிற மாடலுக்கு மட்டும் போடுங்க"ன்னாரு. அது ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நின்ன எடம்.

அந்த பக்கத்துல விலைய எழுதல, ஏன்னா வெள்ளி ரேட்டு தெனமும் மாறுது, இன்னிக்கி எழுதுனா நாளைக்கே பொய்யாயிரும். அதுக்கு பதிலா கணக்க எழுதுனாங்க. எடை, அதுல டச்சுக்கு எவ்ளோ வெள்ளி, அன்னிக்கி ரேட்டு, அதோட கூலி, கடைசில ஜிஎஸ்டி 3 சதவீதம். 100 கிராம் கொலுச எடுத்துக்கிட்டு படிப்படியா போட்டு காமிச்சிருந்தாங்க, ஆறாங்கிளாஸ் புள்ள கூட போட்டுப் பாத்துக்கலாம். மாமா அந்த கணக்க நாலு வாட்டி படிச்சு பேனாவால ஒரு எடத்துல திருத்துனாரு, அக்கா கூலிக்கு பதிலா சேதாரம்னு எழுதிட்டாங்க. எங்க லைன்ல அது ரெண்டும் ஒண்ணில்ல. அவங்களுக்கு இந்த தொழில் வார்த்தையெல்லாம் புதுசு, இந்த மாதிரி அஞ்சாறு எடத்துல சறுக்குனாங்க, அதனால யார்கிட்ட எழுதி வாங்குனாலும் வீட்ல தொழில் தெரிஞ்ச ஒருத்தரு ஒக்காந்து வரிக்கு வரி படிச்சே ஆகணும், அப்படியே ஏத்திராதீங்க.

குறைன்னு பாத்தா இன்னும் இருக்கு. "எங்களைப் பற்றி" பக்கத்தோட மொத டிராஃப்ட் படு மோசம். கால்களின் கவிதை, வெள்ளியில் வடித்த இசைன்னெல்லாம் எழுதிட்டு வந்துட்டாங்க, பட்டிமன்றத்துல பேசுறாப்ல. பத்த வைக்கிற அண்ணன்கிட்ட படிச்சு காட்டுனப்ப "இது யாரு பட்டறைங்க"ன்னு கேட்டாரு. மூஞ்சிய சுளிக்காம அத தூக்கி போட்டுட்டு, ஒரு ஜோடி கொலுசு உருக்குல இருந்து மெருகு வரைக்கும் யார் யார் கையில போகுதுன்னு மட்டும் எழுதிக் குடுத்தாங்க, கடைசில பூந்திக்கொட்ட தண்ணில அலசுற வரைக்கும். அது நல்லா வந்துச்சு. அடுத்தது லேட்டு. மூணு வாரம்னு சொன்னது அஞ்சு வாரம் ஆச்சு, நடுவுல அவங்க பையனுக்கு பரிச்ச, அப்புறம் ஆடி கோட்டை மாரியம்மன் பண்டிக, அந்த நேரத்துல சேலத்துல யாரு வேல செய்வாங்க, நாங்களே செய்யல. ஆனாலும் சொன்ன தேதிக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம், நாமதான் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

டெக்னிக்கல் வேல எதுவும் அவங்க செய்ய மாட்டாங்க. எழுதி டாக்குமெண்ட்டா குடுப்பாங்க, எந்த வரி எங்க போகணும்னு குறிச்சு குடுப்பாங்க, ஏத்துறதுக்கு தனியா ஒரு தம்பிய புடிச்சோம், அதுக்கு 6,000 தனி. போட்டோவும் நம்ம பொறுப்புதான். எழுத்துக்கு மட்டும் எட்டு பக்கம், தமிழ் இங்கிலீஷ் ரெண்டும், 22,000. பாதி முன்பணம் ஜிபேல, பாதி முடிஞ்சப்புறம். அதிகம்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு, எனக்கு அப்படி தோணல, ஏன்னா தமிழ் பக்கத்த இங்கிலீஷுல இருந்து மொழிபெயர்க்காம தனியாவே எழுதுனாங்க, ரெண்டுலயும் முக்கியமா பேசுறது வேற வேற. இங்கிலீஷ் பக்கம் வெளிநாட்டுல இருக்குறவங்க கேக்குற கூரியர், அளவு, முத்திர பத்தி. தமிழ் பக்கம் டச்சு, கூலி, பழச மாத்துறது பத்தி.

சொல்ல மறந்துட்டேன், தேடுறவங்க எப்படி டைப் பண்றாங்கங்கறது தனி கூத்து. சர்ச் கன்சோல்னு கூகுளே இலவசமா குடுக்குற ஒண்ணு இருக்கு, அதுல எந்த வார்த்தைய தேடி நம்ம சைட்டு கண்ணுல பட்டுச்சுன்னு தெரியும். முந்தின ஆளுங்க அத எங்களுக்கு காட்டவே இல்ல. திறந்து பாத்தா கொலுசுங்கறத இங்கிலீஷ் எழுத்துல கே போட்டு ஒருத்தன், ஜி போட்டு ஒருத்தன், நடுவுல யூ இல்லாம ஒருத்தன், ஆங்க்லெட்னு ஒருத்தன், தமிழ்லயே பேசி தேடுறவங்க ஒரு பக்கம், "பாப்பா கொலுசு எவ்வளவு இஞ்ச்"னு மனுஷங்கிட்ட கேக்குற மாதிரி முழு வாக்கியமா. ஒவ்வொரு ஸ்பெல்லிங்குக்கும் ஒரு பக்கம் போட வேணாம், கூகுளுக்கு அதெல்லாம் புரியும், ஜனங்க கேக்குற கேள்விய தலைப்பா வெச்சு கீழ நேரா பதில் சொன்னா போதும்னு அக்கா சொன்னதுதான் சரியா வந்துச்சு.

வாரா வாரம் பிளாக் எழுதித் தாங்கன்னு நானே கேட்டேன், எல்லாரும் போடுறாங்களேன்னு. மாட்டேன்னுட்டாங்க. "சொல்றதுக்கு விஷயம் இருந்தா எழுதலாம், வாரம் ஒண்ணுன்னு கணக்கு வெச்சா மூணாவது வாரத்துல இருந்து பொய்தான் எழுதணும்." எனக்கு கோவம் வந்துச்சு, காசு குடுக்க ரெடியா இருக்குறப்ப என்ன. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் "இதுக்கு எதுக்கு ஆளு, சாட்ஜிபிடில நான் பத்து எழுதித் தர்றேன்"னு ஒரு ராத்திரியில பத்து எழுதிட்டு வந்தான். அதுல ஒண்ணுல சேலம் கொலுசு பல்லவர் காலத்துல இருந்தே ராணிகளுக்கு போச்சுன்னு இருந்துச்சு. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, நானே நம்பிட்டேன். அக்காகிட்ட அனுப்புனா ஒரே ஒரு பதில்: "யாரு சொன்னது?" அவ்ளோதான். மாமாகிட்ட கேட்டா "பல்லவன நான் பாத்ததில்லம்மா, எங்கப்பாவுக்கு தொழில் சொல்லிக் குடுத்தவர தெரியும்"னாரு. பத்தும் குப்பைக்கு. மெஷின்ல எழுதுறதே தப்புன்னு கூகுள் சொல்லலீங்க, எப்படி எழுதுனாலும் ரேங்க்குக்காகவே வண்டி வண்டியா கொட்டுனா அது ஸ்பாம்னுதான் 2024 மார்ச்ல விதிய இறுக்குனாங்க.

ஒரு முக்கியமான விஷயம், அக்காவோட வேலையே இல்ல ஆனா அவங்கதான் கண்டுபுடிச்சாங்க. எங்க டொமைன், அதாவது வெப்சைட்டோட முகவரி, எங்க பேருல இல்ல. சைட்டு போட்டவங்க பேருல இருந்துச்சு. கூகுள் மேப்ல வர்ற பிசினஸ் ப்ரொஃபைலும் அவங்க மெயில் ஐடிலதான். அதாவது 30 வருஷ பட்டறையோட போர்டு அடுத்தவன் வீட்டு செவுத்துல மாட்டிருக்கு. அத திருப்பி வாங்குறதுக்குள்ள நான் பட்டபாடு தனி புராணம், போன எடுக்கவே மாட்டாங்க, எடுத்தா நாளைக்கி. உங்களுதும் யாரு பேருல இருக்குன்னு இன்னிக்கே பாருங்க, ரிவ்யூவ அப்புறமா கூட படிச்சுக்கலாம். மேப்ல எங்க முகவரி ஒரு மாதிரி, சைட்ல ஒரு மாதிரி, பில்லுல ஒரு மாதிரி இருந்துச்சு, அதையும் ஒண்ணாக்க சொன்னாங்க. பட்டறைக்கு வர்ற சந்துல பேருக்கு போர்டே கெடையாது, "பிள்ளையார் கோயில் தாண்டி நீல கேட்டு"ன்னு போட சொன்னாங்க, இப்ப கூரியர் பையன் கூட போன் பண்றதில்ல.

பலன் என்னன்னு கேப்பீங்க. மொத நாலு மாசம் ஒண்ணும் இல்ல. சுத்தமா இல்ல. நான் தெனமும் கூகுள்ல தேடிப் பாத்து பாத்து கண்ணே பூத்துப் போச்சு, நாமளே நம்ம சைட்ட தேடி கிளிக் பண்ணிட்டே இருந்தா நம்ம போன்ல மட்டும் மேல வர்ற மாதிரி தெரியலாம், அத நம்பாதன்னு அக்கா முன்னாடியே சொல்லிருந்தாங்க, கேட்டாத்தான. அஞ்சாவது மாசத்துல இருந்து மெல்ல ஏற ஆரம்பிச்சுது. முன்ன மாசத்துக்கு நாப்பது கிளிக்கு, அதுலயும் பாதி நானு. இப்ப அறுநூறு கிட்ட வருது. அளவு பக்கமும் டச்சு பக்கமும்தான் தூக்கி நிறுத்துது. வாரத்துக்கு மூணு நாலு விசாரிப்பு வந்த எடத்துல இப்ப தெனமும் அஞ்சாறு, அதுல பாதி ஆர்டராகுது, முக்கியமா மொத கேள்வியே "80 டச்சுல அந்த மூணு வரிச மாடல், பத்தர இஞ்ச், இருக்கா"ன்னு வருது, அர மணி நேரம் வெளக்குற வேல எனக்கு மிச்சம்.

வெறும் "வெள்ளி கொலுசு"ன்னு தேடுனா இன்னிக்கும் நாங்க எங்கயும் கெடையாது. அங்க பெரிய பெரிய நகக்கடைங்க உக்காந்திருக்காங்க, அவங்கள எட்டு பக்கத்த வெச்சு நகத்த முடியாது, அக்காவும் மொத நாளே அத சொல்லிட்டாங்க, "அந்த சண்டைக்கு போகாத, சேலம், பட்டறை, டச்சு, அளவு, இங்க நில்லு".

இன்னொரு வேடிக்க. கொலுசு ஏன் கறுக்குதுன்னு ஒரு பக்கம் இருக்கு, காத்துலயும் வேர்வைலயும் இருக்குற கந்தகம் வெள்ளியோட சேந்து கறுப்பா படியறது, டூத்பேஸ்ட் போட்டு தேச்சா கீறல் விழும், மெல்லிசான திருநீறு துணில தொட்டு தேய்க்கலாம், வெந்நீர்ல சோடா உப்பும் அலுமினிய தாளும் போட்டு முக்கி எடுத்தா கறுப்பு போகும்னு எல்லாம். அந்த பக்கத்துக்கு கூட்டம் அள்ளுது, ஆனா ஒருத்தரும் வாங்குறதில்ல, குத்துவெளக்க எப்படி தேய்க்கிறது, அரணாக்கொடிய எப்படி தேய்க்கிறதுன்னு போன் பண்றாங்க. போன வாரம் தூத்துக்குடில இருந்து ஒரு பாட்டி அர மணி நேரம் பேசுனாங்க, அத்தைதான் பேசுனாங்க, ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப் போச்சு. கன்டென்ட் நல்லா இருந்தா இதுவும் சேந்து வரும்னு யாரும் எனக்கு சொல்லல.

ஸ்டார் குடுக்கணும்னா அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ணு லேட்டுக்கும் கால்களின் கவிதைக்கும். நாளைக்கே மொத பக்கம் வேணும், மாசம் முப்பது பிளாக் வேணும், பட்டறைக்கெல்லாம் ஆள உட மாட்டேன், கேள்விக்கு பதில் சொல்ல நேரமில்லன்னு இருக்குறவங்களுக்கு இவங்க சரிப்பட மாட்டாங்க, வீண் சண்டைதான் வரும். எங்களுக்கு சரியா வந்துச்சு. மெட்டிக்கு தனியா ஒரு பக்கம் வேணும்னு தை மாசத்துக்கு மறுபடி சொல்லி வெச்சிருக்கோம், மாமா இப்பவே அவரா ஒரு பழைய டைரில கேள்வி எழுதிட்டு இருக்காரு, நேத்து எட்டிப் பாத்தேன், மொத வரியில "மெட்டி எத்தன டச்சு"ன்னு போட்டு பக்கத்துலயே பதிலும் எழுதி அடிக்கோடு போட்டு வெச்சிருக்காரு.